டயர் சபையின் முப்பத்தொன்றாவது பெயர்

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, கூட்ட நடவடிக்கைகளை எழுதும் ஒரு புதிய மினிட்ஸ் புத்தகத்துக்குப் பக்க எண் போட்டது. சனிக்கிழமை முற்பகல். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, நம்பரிங் மெஷினுக்கு மை விட்டு, அப்பா ஒவ்வொரு பக்கத்தின் வலது மேல் மூலையிலும் அழுத்தினார். மகள் பக்கம் புரட்டினாள். விழுந்த எண்ணை வாய்விட்டு வாசித்தாள். மொத்தம் முந்நூறு பக்கம். முதல் வரி எழுதுவதற்கு முன்பே கடைசிப் பக்கம் வரை எண் விழுந்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய கிறிஸ்தவச் சபையின் விதி. எண் விழுந்த புத்தகத்தில் யாரும் தாளைக் கிழித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல இருக்க முடியாது.

நூற்று நாற்பத்தேழில் மெஷின் மக்கர் செய்தது. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களிலும் 147. அப்பா இரண்டாவதன் கீழே, “இது 148. இயந்திரப் பிழை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மகளிடம் நீட்டி, சாட்சிக் கையெழுத்து போடச் சொன்னார்.

“ஒரு நம்பருக்குச் சாட்சியா, அப்பா?”

“நம்பர்தானேன்னு விட்டுத்தான் நான் இப்ப விருந்தாளி பெஞ்சுல உக்காந்திருக்கேன்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டரைக்கு முந்நூறாவது பக்கம் முடிந்தது. அப்பா மெஷினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அதற்கடுத்த புதன்கிழமை காலை, பல் துலக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வயது எழுபத்தாறு.

அந்தப் புத்தகம் அவர் எழுதுவதற்காக அல்ல, புதிய செயலருக்காக. நாற்பது வருடம் சபையின் செயலராக இருந்தவர், கடைசி ஐந்து மாதம் பதவியில்லாமல் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தார். அவரை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தது மகள்தான். ஒரு கட்டுக் கடிதத்தை எண்ணிப் பார்த்தாள், அவ்வளவுதான். எண்ணாமல் இருந்திருந்தால் அவர் தன் நாற்காலியிலேயே இருந்து போயிருப்பார். அடக்கம் முடிந்து வீடு காலியான பிறகு அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு இது ஒன்றுதான்: அவருடைய கடைசி ஐந்து மாதத்தைத் தான் கெடுத்தோமா, இல்லையா?

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கயிறு, கப்பி, பிரேக், கதவு என்று எந்த லிஃப்ட்டைத் தொட்டாலும், தொட்டதைப் பதிவுப் புத்தகத்தில் எழுதாமல் கட்டடத்தை விட்டு வெளியே வரமாட்டார். “மேல போறதுக்கு நம்பிக்கை போதும். கீழ வர்றதுக்குப் பதிவு வேணும்” என்பார். அம்மா அதற்கு, “கல்யாணத்தன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா நான் மாடிப்படி ஏறியே போயிருப்பேன்” என்பாள். சபை இளைஞர்கள் அவருக்கு வைத்த பெயர் ஷரத்து. பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் ஒரு ஷரத்து வந்துவிடும். அவருக்கும் இது தெரியும். தொலைபேசியில், “ஷரத்து பேசறேன்” என்றே சொல்வார்.

அவர் பிறந்து வளர்ந்த சபை பெரியது, பழையது. பிரஸ்பிட்டேரியன் முறை: பிஷப் கிடையாது, மக்கள் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் சமமாக உட்கார்ந்து முடிவெடுப்பார்கள், போதகரைச் சபைதான் ஓட்டுப் போட்டு அழைக்கும். அப்பாவுக்கு முப்பத்தாறு வயதாக இருந்தபோது, மேலிடம் ஓட்டு எதுவும் கேட்காமல் ஒரு போதகரை அனுப்பிவைத்தது. வந்தவர் நல்ல மனிதர்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேட்காமல் வந்ததுதான் குற்றம். முப்பத்தொரு பேர் வெளியேறினார்கள். அப்பாவின் அண்ணன், மகளுக்குப் பெரியப்பா, வெளியேறவில்லை. அவர் அந்தப் பழைய சபையின் செயலர்.

அண்ணன் கீழ்த்தளத்திலும் தம்பி மேல்தளத்திலுமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மாதத்தில் தம்பி வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார். பிறகு ஆஸ்பத்திரியிலும் சாவு வீட்டிலும் பார்த்துக்கொள்வார்கள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். சபையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அண்ணன் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். தம்பிக்கு நாலு வரி எழுதிப் போட்டதில்லை.

வெளியேறியவர்களுக்கு ஒன்றுகூடுவதற்கு இடமில்லை. அவர்களில் ஒருவர் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருந்தார்; ஞாயிறு அன்று பட்டறை மூடியிருக்கும். முதல் ஆராதனை அங்கே நடந்தது. பழைய டயர்களை இரண்டிரண்டாக அடுக்கி, மேலே பலகை போட்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சேலையை மூன்று முறை அலசியும் ரப்பர் வாசனை போகவில்லை. பழைய சபைக்காரர்கள் “டயர் சபை” என்று கேலி செய்தார்கள். “ஓடற சபைன்னு சொல்றாங்க, சரியாத்தான் சொல்றாங்க” என்று பட்டறைக்காரர் சிரித்தார். பத்து வருடம் கழித்துச் சொந்தக் கட்டடம் கட்டியபோதும் அந்தப் பெயரை விடவில்லை.

சபை வளர்ந்த கதையை மகள் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். பெரிய பிரசங்கத்தால் வளரவில்லை. வீடு மாறியவர்களால் வளர்ந்தது. இரண்டு நர்சுகள் ஆஸ்பத்திரிக் குடியிருப்புக்கு மாறிப்போனார்கள். அங்கே அவர்கள் அறையில் பன்னிரண்டு பேர் கூடினார்கள். அது இரண்டாவது சபை. ஒரு பஸ் டிரைவர் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குடிபோனார். வண்டி திரும்பும் வரை காத்திருப்பவர்களோடு பேசிப் பேசியே மூன்றாவது சபை. மூன்று சபை இருந்தால்தான், எல்லாச் சபைக்கும் பொதுவான மூப்பர் பேரவையை அமைக்க முடியும். பேரவை இருந்தால்தான் புதிய போதகர்மேல் கை வைத்து அவரை ஏற்படுத்த முடியும். மூன்றாவது வருடக் கடைசியில் பேரவை முதன்முதலாகக் கூடியது: ஓய்வுபெற்ற போதகர்கள் இருவர், சபைக்கு ஒருவராக மூப்பர்கள் மூவர். விதிப்படி அதற்கு ஒருவர் குறைந்தாலும் கூட்டம் செல்லாது. அன்று மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே வேதம் படித்த ஒருவரைப் போதகராக்கினார்கள். முதல் சபையின் மூப்பராக உட்கார்ந்து, செயலராக எல்லாவற்றையும் எழுதியவர் அப்பா.

நான்காவது சபை லிஃப்ட்டில் பிறந்தது. ஒரு நோயாளியைப் பார்க்க நான்கு மூப்பர்களும் போதகரும் அடுக்குமாடி ஒன்றுக்குப் போனார்கள். லிஃப்ட் பாதி வழியில் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. “இந்த லிஃப்ட்டைப் போன மாசம்தான் நான் பாத்தேன், ஒண்ணும் ஆகாது” என்றார் அப்பா. “நீங்க பாத்ததாலதான் எனக்குப் பயம்” என்றார் பட்டறைக்காரர். அரை மணி நேரம் ஆனது. எப்படியும் எல்லோரும் இருக்கிறோமே என்று அப்பா பையிலிருந்து நோட்டை எடுத்தார். போதகர் ஜெபம் செய்ய, மூப்பர் கூட்டம் நடந்தது. “இடம்: மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே” என்று அந்த மினிட்ஸ் தொடங்குகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சபை ஆரம்பிப்பது என்று முடிவு. அந்த வருடம் பேரவை மினிட்ஸைப் பரிசோதித்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு விழுந்தது: “முன்னறிவிப்பு இல்லாமல் கூடியது தவறு. முடிவு நல்ல முடிவு.” அப்பா அதைத் தன் வாழ்க்கையின் நல்ல மதிப்பெண்ணாக வைத்துக்கொண்டார்.

இப்போது பதினான்கு சபைகள். நாற்பதாம் ஆண்டுக்காக வரலாறு எழுதவேண்டும் என்று பேரவை அப்பாவிடம் சொன்னது. மகள் பாலங்களில் விரிசல் தேடும் இன்ஜினியர். பழைய தாள்களை ஸ்கேன் செய்து அடுக்கித் தருவதாக ஒத்துக்கொண்டாள். இரண்டாவது ஞாயிறு, பிரவுன் தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு கட்டு கிடைத்தது. பழைய சபை கொடுத்த மாற்றுக் கடிதங்கள். ஒருவர் ஒரு சபையை விட்டு இன்னொன்றுக்குப் போனால், “இவரை அனுப்பிவைக்கிறோம்” என்று பழைய சபைச் செயலர் எழுதித் தரும் கடிதம். அது இல்லாதவரைக்கும் பெயர் பழைய பதிவேட்டில்தான். மினிட்ஸில் அப்பாவின் கையெழுத்து: “முப்பத்தொரு மாற்றுக் கடிதங்கள் பெறப்பட்டன.”

நூலின் முடிச்சு அவிழ்க்கப்பட்டதே இல்லை. அவள் கத்தரித்தாள். எண்ணினாள். முப்பது. மறுபடி எண்ணினாள். இல்லாதது அப்பாவுடையது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் விரிசலைப் பார்த்தவள் வண்ணம் பூசிவிட்டுப் போகப் பழகியவள் இல்லை. அப்பாவிடமே சொன்னாள். அவர் கடிதங்களைத் தானும் ஒரு முறை எண்ணினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீங்க எண்ணாம எழுதினீங்களா, அப்பா?”

“பிரிக்கவே இல்லம்மா. மேல அண்ணன் கையெழுத்து. அதைப் பாக்க அன்னிக்கு மனசு வரல.”

ஊருக்கெல்லாம் ஷரத்து சொன்ன மனிதர் தன் விஷயத்தில் தடுக்கி விழுந்திருந்தார். வேறு சபைப் பதிவேட்டில் பெயர் இருப்பவர் மூப்பர் கூட்டத்திலோ பேரவையிலோ உட்காரக் கூடாது என்று விதி இருக்கிறது. பழைய சபையின் விதிப்புத்தகத்திலிருந்து அதை வரி மாறாமல் நகலெடுத்ததே அவர்தான். அப்படியென்றால் முதல் பேரவையில் மூப்பர்கள் மூவர் இல்லை, இருவர். கூட்டம் செல்லாது. மருந்துக்கடைக்காரர் போதகர் ஆனது செல்லாது. அவர் கை வைத்தவர்கள், அந்தக் கைகள் வைத்தவர்கள், அவர்கள் கொடுத்த ஞானஸ்நானம், நடத்திவைத்த கல்யாணம் என்று நாற்பது வருடமும் ஒரு முடிச்சில் தொங்கியது. இரண்டு நாள் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மகளுக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது: எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? யாருக்கும் தெரியாத ஒன்று. ஆனால் அவர் அடுத்த பேரவையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். மகள் பின்வரிசையில் இருந்தாள்.

தலைவர் நாற்காலியில் இருந்தவர் அதே மருந்துக்கடைப் போதகர். அவர் பேச வாயெடுத்ததும் அப்பா நிறுத்தினார். “நீங்க இறங்கணும், ஐயா. இது உங்களைப் பத்தின விஷயம்.” தலைவர் இறங்கி, அப்பாவுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். கூடத்தில் சிரிப்பு பரவியது. பஸ் டிரைவரின் மகள் இப்போது மூன்றாவது சபையின் மூப்பர், அவள் எழுந்து, “என் கல்யாணம் செல்லுமா செல்லாதா, அதை மட்டும் சொல்லுங்க. செல்லாதுன்னா வீட்டுல ஒருத்தருக்கு ஃபோன் பண்ணணும், ரொம்ப சந்தோஷப்படுவாரு” என்றாள். அப்பாவும் சிரித்துவிட்டார். அந்த இரண்டு வாரத்தில் அவர் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. குறையை மறைப்பதில்லை என்று முடிவானது. முதல் பேரவை செய்த அத்தனையையும் இன்றைய பேரவை தெரிந்தே தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறது என்று தீர்மானம். சபை வாரியாகப் பெயர் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராக எழுந்து “ஏற்கிறேன்” என்றார்கள். டயர்மேல் பலகை போட்டு உட்கார்ந்தது முப்பத்தொரு பேர். இன்று பதினான்கு சபைகளின் சார்பாக நாற்பத்திரண்டு பேர் எழுந்து நிற்பதை மகள் எண்ணினாள். அப்பா எண்ணவில்லை, குனிந்து கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

நடந்து முடிந்ததைச் சரிசெய்தாகிவிட்டது. ஆனால் இனி? அப்பாவின் பெயர் இன்னும் பழைய பதிவேட்டில் இருக்கிறது. அவருக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம் என்றார்கள். “ஒருத்தருக்கு விலக்குன்னா அப்புறம் ஷரத்து எதுக்கு” என்று மறுத்துவிட்டுப் பேனாவை மேசைமேல் வைத்தார். விருந்தாளி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். மாற்றுக் கடிதம் வரும்வரை அதுதான் இடம். கடிதம் கொடுக்கவேண்டியவர், எண்பது வயதிலும் பழைய சபையின் செயலராக இருந்த பெரியப்பா.

மகள் காரில் கூட்டிப்போனாள். அந்த வீட்டுக் கூடத்தில் அவள் முன்பு இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறாள், இரண்டும் சாவுக்காக. பெரியப்பா டீ கொண்டுவரச் சொன்னார். முழங்கால் பற்றிப் பேசினார்கள். பிறகு அப்பா வந்த விஷயத்தைச் சொன்னார். பெரியப்பா ஆச்சரியப்படவில்லை. உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து மேசையில் திறந்தார். தம்பி பெயர் இருந்தது. வருடத்துக்கு நான்கு முறை, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து. வந்தவர், வராதவர் குறிக்க நான்கு கட்டம். நான்கிலும் “வரவில்லை”. காரணம் எழுதும் இடத்தில் “பயணத்தில்”. அதற்கு முந்தைய பதிவேட்டிலும் அப்படியே, அதற்கு முந்தையதிலும் அப்படியே. பதிவேடு மாறும்போதெல்லாம் அண்ணன் தம்பியின் பெயரைப் புதிதாக எழுதி, புதிதாகப் பயணம் அனுப்பியிருந்தார்.

“ஏன் எனக்கு மட்டும் குடுக்கல?”

“நீ கேக்கலையே.”

“முப்பத்தொரு பேரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டோமே, அண்ணா.”

“முப்பத்தொரு பேரு கேட்டாங்க. என் தம்பி கேக்கல. கீழ்வீட்டுல தானே இருந்தேன்? பதினெட்டுப் படி.”

பிறகு பெரியப்பாவே, கடிதத்தைப் பழைய தேதி போட்டுத் தருவதாகச் சொன்னார். எல்லோருக்கும் சிக்கல் தீரும், யாரும் கேட்கப்போவதில்லை.

“வேணாம். நீங்க எழுதற அன்னைய தேதியே போடுங்க.”

“அப்படிப் போட்டா இத்தனை வருஷமும் நீ எங்க சபைக்காரன்னு ஆயிடும்டா. ஒத்துக்கறியா?”

“புத்தகத்துல இருக்கே.”

பெரியப்பா பதிவேட்டை மூடினார். மூடியவர் கையை அதன் மேலேயே வைத்திருந்தார். மூப்பர் கூட்டத்தில் வைத்து நிறைவேற்ற வேண்டும், பத்து நாள் ஆகும், ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். ஷரத்து குடும்பச் சொத்து என்பது மகளுக்கு அன்றுதான் புரிந்தது.

பத்து நாளில் தொலைபேசி வந்தது. கடிதம் தயார். அடுத்த திங்கள் அப்பா போனார். மாலை ஆறு மணிக்குத் திரும்பினார். அண்ணன் வீட்டு அழைப்பு மணி ரிப்பேர், பிரித்துப் பார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லை, கடிதம் மறந்துவிட்டது என்றார். அதற்கடுத்த திங்கள் குளியலறைக் குழாய். அதற்கடுத்தது, இருவரும் சேர்ந்து கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு திங்கள் மகள் போய் அழைத்துவந்தபோது, கூடத்தில் இரண்டு கிழவர்களும் விதிப்புத்தகங்கள் இரண்டையும் எதிரெதிரே விரித்துவைத்து, ஏழாம் அத்தியாயத்தில் எது முதலில் பிழையாக அச்சானது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் குரல் தெருவரை கேட்டது. காரில் ஏறியதும் அவள், “கடிதம்?” என்றாள். “அடடா” என்றார் அப்பா. நாற்பது வருடத்தில் ஒரு கூட்டத்தின் தேதியை மறக்காத மனிதர்.

சபையில் புதிய செயலர் பொறுப்பேற்றார். பதினைந்தாவது சபைக்கு இடம் பார்த்தார்கள். அப்பா விருந்தாளி பெஞ்சிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஷரத்து தப்பும்போது இருமினார். புதிய செயலர் இருமலைக் கேட்டுத் திருத்திக்கொண்டார்.

அடக்கத்துக்கு இரண்டு சபைக்காரர்களும் வந்தார்கள். மருந்துக்கடைப் போதகர் ஜெபம் செய்தார். பெரியப்பா வேதம் வாசித்தார், பாதியில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். நான்காம் நாள் பெரியப்பா மகளைக் கூப்பிட்டார். கடிதம் இன்னும் தன் அலமாரியில்தான் இருக்கிறது, தம்பி கையெழுத்து இல்லாமல் கொடுக்க விதியில்லை, ஆனாலும் அவள் கேட்டால் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். கொடுத்தால் பதிவேட்டில் “மாற்றப்பட்டார்” என்று எழுதவேண்டும். இல்லையென்றால் “காலமானார்” என்று எழுதவேண்டும்.

“எதுன்னு நீயே சொல்லும்மா.”

யோசித்துச் சொல்வதாக அவள் சொன்னாள். அன்று மதியம் அம்மாவிடம், மனதில் இருந்ததைக் கேட்டாள். நான் எண்ணாமலேயே இருந்திருக்கலாமா, அம்மா?

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். “நல்லாக் கேட்ட. அந்த மனுஷன் நாற்பது வருஷமா ஞாயித்துக்கிழமைதான் வெள்ளைச் சட்டை போடுவாரு. இந்த அஞ்சு மாசம் திங்கக்கிழமையும் இஸ்திரி போடச் சொல்லி என் உயிரை வாங்கினாரு. எண்ணினது தப்புன்னு வேற யார்கிட்டயாவது போய்ச் சொல்லு.”

மகள் அப்பாவின் சட்டைப் பை நோட்டை எடுத்துப் பார்த்தாள். லிஃப்ட் பதிவுப் புத்தகம் போலவே கோடு போட்டிருந்தார்: தேதி, வேலை, முடிந்ததற்கு ஒரு டிக். கண்ணாடிக்கு ஸ்க்ரூ, டிக். மருந்து, டிக். மினிட்ஸ் புத்தகத்துக்கு எண், டிக். “அண்ணனிடம் கடிதம்” என்று ஒரு வரி திங்கள் தோறும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அடித்து, அடுத்த திங்களுக்குத் தள்ளியிருந்தார். பதினேழு தடவை.

அவள் பெரியப்பாவைத் தொலைபேசியில் அழைத்தாள். கடிதம் அலமாரியிலேயே இருக்கட்டும் என்றாள். அப்பாவின் நோட்டில் கடைசி வரியில் இருந்த தேதி இன்னும் வரவில்லை, வருகிற திங்கள்தான். அப்பா எழுதியிருந்தபடியே அவருக்கு வாசித்துக் காட்டினாள்: அண்ணனிடம் கடிதம் வாங்க வேண்டும். காலை பத்து மணி.